நான்காவது ரீல்

மூன்றாவது ரீல் செத்தது ஒரு வியாழக்கிழமை, காலை ஏழு மணிக்கு. அவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம், அதே நேரம் பாட்டில் ஆலையின் சங்கு ஊதியதுதான். சங்கு ஊதினால் இரவு ஷிப்டு முடிந்தது என்று அர்த்தம். பதினோரு வருடம் அந்தச் சத்தத்துக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தவன் அவன். அதனால்தான் ராக்கோழி என்று பெயர் வந்தது. அவன் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. பெயர் அவனை விடவில்லை.

ஒரு வாரமாகவே, தூண்டில் கம்பில் நரம்பைச் சுற்றும் அந்த ரீலுக்குள் சின்னதாக ஒரு 'கர்' இருந்தது. பல்வலிக்காரன் அந்தப் பக்கம் மெல்லாமல் நாளை ஓட்டுவது போல, கைப்பிடி அந்த இடத்துக்கு வரும்போது மட்டும் மெதுவாகச் சுற்றிப் பழகிக்கொண்டான். அன்று கடலை ஒட்டிய கல்வரிசைக்கு அப்பால் பொடிமீன்கள் தண்ணீர் கொதிப்பது போலத் துள்ளின. அடியில் பாரை துரத்துகிறது. எறிந்தான். நாலாவது சுற்றிலேயே கம்பு வில்லாக வளைந்தது. மீன் நரம்பை இழுத்துக்கொண்டு ஓடியது, களைத்தது, நின்றது. இப்போது இவன் முறை. சுற்றினான். கைப்பிடி பாதியில் நின்றது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. மீன் ஒரே ஒரு உதறு உதறியது. அவ்வளவுதான்.

கல்வரிசை முடியும் இடத்தில் ஒரு சின்ன மணல் திட்டு உண்டு. மீன் வந்தால் அங்கேதான் இறக்குவார்கள். ராக்கோழி கம்பை அந்த மணலில் வீசிவிட்டு இடுப்பில் கை வைத்துக் கடலைப் பார்த்தான்.

"போச்சா?" என்றார் பக்கத்துக் கல்லில் இருந்த தபால்காரர். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் காக்கிச் சட்டையை விடாதவர்.

"போச்சு."

"மீனா, ரீலா?"

"ரெண்டும்."

"நான்தான் சொன்னேனே. என்னுதப் பாரு. பதினெட்டு வருஷம். ஒரு சத்தம் உண்டா?"

"உங்களுது ரீலா அண்ணே? தண்ணி மோட்டாரு. அதக் கட்டி எறிஞ்சா மீன் கடிச்சு சாகாது, மேல விழுந்து சாகும்."

தபால்காரர் சிரித்தார். ராக்கோழிக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் வாரம் ஒருமுறை வந்து, பத்து எறி எறிந்துவிட்டு, மிச்ச நேரம் வெற்றிலை மெல்பவர். இவனுக்கு இது பிழைப்பு. இரையைக் கோத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மீன்பிடி இல்லை. தகரத்தில் செய்த பொய்மீனை நரம்பு நுனியில் கட்டி, முடிந்த தூரம் எறிந்து, உயிருள்ள மீன் தப்பி ஓடுவது போலச் சுற்றி இழுக்க வேண்டும். கடிக்கவில்லையென்றால் மறுபடி எறிய வேண்டும். நல்ல நாளில் நூறு எறி, கெட்ட நாளில் நானூறு. வாரத்தில் ஆறு நாள். கம்பும் ரீலும் முழுக்க வலது கையில்தான் தொங்கும். அந்த வலது மணிக்கட்டுதான் பதினோரு வருடம் பாட்டில் பெட்டி தூக்கியது. மருத்துவர் அதை அழுத்திப் பார்த்துவிட்டு, "இதுல இனிமே கனம் தூக்காதீங்க" என்றார். என்ன கனம், எத்தனை கிராம் என்று சொல்லவில்லை. ராக்கோழி தானாகவே கண்டுபிடித்தான். இருநூற்றைம்பது கிராம் ரீல் என்றால் கை தாங்கும். முந்நூறைத் தாண்டினால் மறுநாள் தேநீர்க் குவளையை இடது கையால் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஆக அவனுக்கு லேசான ரீல் வேண்டும். உழைக்கிற ரீலும் வேண்டும். எட்டு மாதத்தில் லேசான ரீல் மூன்று வாங்கியாயிற்று. ஒன்று மூன்று மாதம் உழைத்தது. அடுத்தது இரண்டரை. இது இரண்டே மாதம்.

"நீ கழுவறது இல்லையோ?" தபால்காரர் கேட்டார்.

"ஈரத்துணியால தொடைக்கிறேன். வீட்டுல அவ வேற தொடைக்கிறா. நான் தூங்கி எந்திரிச்சா ரீலு பளபளன்னு ஜன்னல்ல உக்காந்திருக்கும். பச்சப்புள்ள மாதிரி பாத்துக்கிறா அண்ணே. இதுக்கு மேல என்ன செய்ய?"

"அப்ப கம்பெனிக்காரன் திருட்டுப்பய."

"மூணு கம்பெனி அண்ணே."

"மூணு பேரும் திருட்டுப்பயலுவ."

அன்று அவன் தினம் மீன் கொடுக்கும் சாப்பாட்டுக் கடைக்கு வெறும் பையோடு போனான். கடைக்கார அக்கா தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டே பையைப் பார்த்தாள்.

"என்ன தம்பி, காத்து வாங்கிட்டு வந்திருக்க?"

"ரீலு நின்னு போச்சுக்கா."

"பன்னெண்டு மணிக்கு வர்றவன் ரீலையா திம்பான்? பலகையில மீன்னு எழுதியாச்சு." எழுதியதை ஈரக் கையாலேயே அழித்தாள். "தினம் வரும்னு சொன்னதாலதான் மார்க்கெட்காரன நிறுத்தினேன். இன்னைக்கு முட்டை போட்டுச் சமாளிச்சுக்கறேன். இன்னொரு வாரம் இப்படின்னா அவனத்தான் திரும்பக் கூப்பிடணும். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது.

வீடு மூன்றாம் மாடியில். ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, இரண்டுக்கும் நடுவில் கதவு இல்லாத ஒரு வாசல். அறையில் பாதியைத் தையல் இயந்திரமும் துணிக் கட்டுகளும் பிடித்துக்கொண்டிருந்தன. மனைவி பள்ளிச் சீருடை தைப்பவள். நீலக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை. வருடம் முழுக்க அவளுக்கு உலகம் இரண்டே நிறம். மிச்சப் பாதியில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு சின்ன மேசை, ஜன்னலோரம் இவனுடைய கம்பு. முதலில் கம்பை வெளியே நடைபாதையில்தான் வைத்தான். இரண்டாம் நாளே காணாமல் போனது. அதிலிருந்து கம்பும் ரீலும் உள்ளே குடிவந்துவிட்டன.

அவன் உள்ளே வந்ததும் அவள் இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னாள். "கைய கழுவிட்டுத் துணிகிட்ட வாங்க."

"இன்னைக்கு மீனே தொடல."

"தொடலன்னாலும் கழுவுங்க."

கழுவினான். ரீலைக் கம்பிலிருந்து கழற்றி மேசை மேல் வைத்து, இடது கையால் கைப்பிடியைத் திருகிப் பார்த்தான். கர், கர், டக். நின்றது.

"அத்தான் போன் பண்ணாரு" என்றாள். அவளுடைய அக்கா கணவர் பாட்டில் ஆலையில் ஷிப்டு மேற்பார்வையாளர். ராக்கோழிக்குச் சகலை. "நைட்டுல ஒரு எடம் இருக்காம். இந்தத் தடவ தூக்கற வேலை இல்லையாம். பெல்ட்டு ஓரமா நின்னு ஒடஞ்ச பாட்டில எடுத்துப் போடறதாம். சனிக்கிழமை பேரு எழுதி அனுப்பணுமாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்ன சொல்ல? நாளைக்குச் சாயங்காலம் நேர்ல வர்றேன்னாரு."

அவள் முகத்தைப் பார்த்தான். ஒரு காஜாவை முடித்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். பல்லால் நூல் கடிக்கிறவள் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாது.

வேலையை விட்ட அன்று அவள் கேட்டது ஒரே கேள்வி. "ஏன்?" அன்று ஆலையில் பெட்டியை இறக்கி வைத்தான். நிமிர்ந்தால் கதவு திறந்திருந்தது. நடந்துவிட்டான். பெரிய காரணம் எதுவும் இல்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பதினோரு வருடம் பகலில் தூங்கி, பொண்டாட்டியின் இயந்திரச் சத்தத்தை மழைச் சத்தமாகக் கனவு கண்டவன், ஒருநாள் காலை வெயிலில் உடம்பு காய நின்றபோது, திரும்ப உள்ளே போகக் கால் வரவில்லை. அவ்வளவுதான் சங்கதி. அதன் பிறகு கம்பைப் பிடித்தான். மீன் வந்தது. அக்கா வாங்கினாள். நடந்துவிடும் போலத்தான் இருந்தது, ரீல் மட்டும் நின்றால்.

"நாளைக்கு வேற ரீல் பாக்கறேன்" என்றான்.

"ம்."

"இந்தத் தடவ நல்லதா."

"போன தடவயும் இதத்தான் சொன்னீங்க" என்றாள் அவள். இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது. அது வாங்கிப் பதினாலு வருடம். ஒரு நாள்கூட நின்றதில்லை.

மறுநாள் மத்தியானம் ரீல் கடைக்குப் போனான். கடைக்காரர் மெலிந்த மனிதர். நாள் முழுக்க ஆட்கள் வந்து ரீலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாங்காமல் போவதைப் பார்த்துப் பார்த்து, மனித குலத்தின் மீதே ஒரு அலுப்பு வந்துவிட்டவர். ராக்கோழி செத்த ரீலைக் கண்ணாடிப் பெட்டியின் மேல் டக்கென்று வைத்தான்.

"ரெண்டு மாசம்" என்றான்.

"வாங்கண்ணே. டீ சொல்லவா?"

"டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம். எனக்கு லேசா ஒண்ணு வேணும். ரெண்டு வருஷம் உழைக்கணும். இருந்தா குடுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. சும்மா மாசாமாசம் உங்க மூஞ்சியப் பாத்துட்டிருக்க முடியாது."

"என் மூஞ்சிக்கு என்னண்ணே குறைச்சல்?" கடைக்காரர் அலமாரியைத் திறந்தார். முதலில் ஒரு கறுப்பு ரீல் வந்தது. ராக்கோழி கைப்பிடியைச் சுற்றினான். வெண்ணெய்.

"நல்லா சுத்துது."

"கடையில எல்லாமே நல்லாதான் சுத்தும். கல்யாணத்துக்கு முன்னாடி எந்த மாப்பிள்ளையாவது கெட்டவனா இருந்து பாத்திருக்கீங்களா?"

"பத்து பேரிங்னு போட்டிருக்கே?"

"அதுல எட்டு ஒப்புக்குச் சப்பாணி. நல்லதா நாலு இருந்தா போதும். எண்ணிக்கையப் பாத்து ஏமாறாதீங்க. கைப்பிடிய மேலயும் கீழயும் ஆட்டிப் பாருங்க. ஆடுதா?"

ஆடியது. பல் விழப்போகிற குழந்தையின் பல் போல.

"அப்ப வச்சுருங்க. இது ஞாயித்துக்கிழமை ஆளுங்களுக்கு."

அடுத்தது வெள்ளி நிறம். முழுக்க உலோகம். கையில் வாங்கியதும் மணிக்கட்டு முணுமுணுத்தது. "கனம்" என்றான்.

"உழைக்கும்."

"என் கை உழைக்காதே."

"அண்ணே, உண்மையச் சொல்லட்டுமா? லேசா இருக்கணும்னா ஒடம்பு பிளாஸ்டிக். பிளாஸ்டிக்குன்னா பெரிய மீன் இழுக்கும்போது லேசா வளையும். வளைஞ்சா உள்ள பல்லும் பல்லும் சரியா உக்காராது, தேயும். உழைக்கணும்னா உலோகம். உலோகம்னா கனம். ரெண்டும் சேர்ந்து வேணும்னா இதோ இருக்கு." கீழ்த்தட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை இரண்டு கையாலும் எடுத்தார். "இது வேற உலோகம். ஒடம்பு வளையாது. பெரிய பல்சக்கரமும் நல்ல உருப்படி."

ராக்கோழி விலையைக் கேட்டான். கேட்டுவிட்டுப் பெட்டியைத் தள்ளி வைத்தான். பிறகு மறுபடி பக்கத்தில் இழுத்தான்.

"எடை போடுங்க."

"அட்டையிலயே இருக்கே. இருநூத்திப் பத்து."

"அட்டை சொல்றது இருக்கட்டும். தராசு சொல்லட்டும்."

கடைக்காரர் பெருமூச்சு விட்டபடி தராசை எடுத்தார். இருநூற்று நாற்பத்தாறு.

"பாத்தீங்களா?"

"நரம்பு சுத்தியிருக்குல்ல அண்ணே! சட்டையோட ஏறி நின்னுட்டு எடை கூடிருச்சுன்னு சொன்னா எப்படி? ரீலத் தனியா தூக்கிப் பாக்கறதே தப்பு. உங்க கம்புல மாட்டுங்க. விரல வச்சு எந்த எடத்துல நிக்குதுன்னு பாருங்க. முன்பக்கம் சாஞ்சா ரீல் லேசா இருந்தும் கை வலிக்கும்."

மாட்டினான். கம்பு விரல் மேல் அசையாமல் நின்றது. தராசு முள் மாதிரி. ராக்கோழியின் நெஞ்சில் ஓர் ஆசை எழுந்தது. அதை உடனே அமுக்கினான். மூன்று தடவை இதே மாதிரி எழுந்த ஆசைதான்.

"இதுவும் ரெண்டு மாசத்துல கர் கர்ருன்னா?"

கடைக்காரர் செத்த ரீலை எடுத்தார். "எல்லாரும் என்னத் திட்டறாங்க, ஒருத்தரும் தொறந்து பாக்கறதில்ல." பக்கவாட்டுத் திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினார். உள்ளே பசை தடவிய பல்சக்கரம் இருக்க வேண்டிய இடத்தில், வெளிறிப்போன, எலும்பு மாதிரிக் காய்ந்த சக்கரம். ஓரமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. கடைக்காரர் முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். ராக்கோழியிடம் நீட்டினார்.

எலுமிச்சை.

"கிரீசு ஒரு பொட்டு இல்ல. சோப்பு, உப்பு, மணலு, உள்ள ஒரு சந்தையே கூடியிருக்கு. இத யாருண்ணே குளிப்பாட்டறா? சுடுதண்ணியில முக்கி எடுத்த மாதிரில்ல இருக்கு!"

அந்தப் பட்டியலில் ஒரே ஒரு சொல்தான் ராக்கோழியின் காதில் விழுந்தது. சோப்பு. அந்த எலுமிச்சை சோப்பு எங்கே இருக்கிறது, எந்த வாளியின் பக்கத்தில், எந்த நிறத் தாளில் சுற்றி என்று எல்லாமே அவனுக்குத் தெரியும். தினமும் மத்தியானம் எழுந்து, ஜன்னலில் பளபளவென்று உட்கார்ந்திருந்த ரீலைப் பார்த்து, 'பரவால்ல, நம்ம மேல அக்கறைதான்' என்று நினைத்துக்கொண்டதெல்லாம் இப்போது ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்து காறித் துப்பின.

புது ரீலை வாங்கினான். இரண்டு கோடையாக அவர்கள் வாங்கலாம் வாங்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்த மின்விசிறி அந்தச் சின்னப் பெட்டிக்குள் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் வாளியைத்தான் முதலில் பார்த்தான். நுரை இருந்தது.

"இதுல என்ன ஊற வப்ப?"

"எத?"

"நான் தூங்கும்போது."

இயந்திரம் நின்றது. அவள் திரும்பினாள். ஒளிக்கவோ மழுப்பவோ செய்யவில்லை. "ரீல்தான். சுடுதண்ணியில சோப்புப் போட்டு அரை மணி நேரம். ஏன்?"

"ஏனா? மூணு ரீலு! மூணையும் கொன்னது நீதான். நான் கடைக்காரனத் திட்டினேன், கம்பெனிக்காரனத் திட்டினேன், என் கையத் திட்டினேன். நீ பாட்டுக்கு உக்காந்து டர்ருன்னு தச்சுட்டிருக்க!"

"கழுவினா கெட்டுப்போகும்னு எனக்கு எப்படித் தெரியும்? உப்புத் தண்ணியில கெடந்தது, கழுவினா நல்லதுதானேன்னு நெனச்சேன்."

"யாரு கழுவச் சொன்னா?"

அவள் எழுந்து கட்டிலுக்கு அடியில் கையை விட்டு ஒரு துணிக் கட்டை இழுத்தாள். வெள்ளைச் சட்டைகள். பன்னிரண்டு. மேலே ஒரு துண்டுச் சீட்டு குத்தியிருந்தது. அவள் படித்துக் காட்டவில்லை, அவனிடமே நீட்டினாள். மீன் வாடை வீசுவதாகப் பெற்றோர் புகார், திருப்பி அனுப்பப்படுகிறது. தேதி ஏழு மாதத்துக்கு முந்தையது.

"பள்ளிக்கூடத்துல ஒரு புள்ளைய மத்ததுங்க மூக்கப் பிடிச்சுக் கேலி பண்ணுச்சாம். மேடம் போன் போட்டு, இன்னொரு தடவ இப்படி வந்தா ஆர்டரே வேற ஆளுக்குன்னாங்க. நான் என்ன செய்ய? உங்களக் கழுவ முடியாது. ரீலக் கழுவினேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீங்க? மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ரெண்டு நாள் சுவத்தப் பாத்துப் படுத்திருப்பீங்க. மூணாம் நாள் ஆலைக்குப் போயிருப்பீங்க. அப்புறம் பதினோரு வருஷம் 'ஒன்னாலதான் போனேன்'னு எனக்கு ஒரு பாட்டு." பாவாடையில் ஒட்டியிருந்த நூலைத் தட்டிவிட்டாள். "நான் போங்கன்னு எப்பவாவது சொன்னேனா?"

அவன் யோசித்துப் பார்த்தான். சொன்னதில்லை. போகாதீர்கள் என்றும் சொன்னதில்லை.

அந்த நேரம் பார்த்துச் சகலை வந்து நின்றார். மூன்று மாடி ஏறிய மூச்சு. உட்கார இடம் தேடினார். நாற்காலியில் நீலக் கால்சட்டைகள் உட்கார்ந்திருந்தன. கட்டில் ஓரமாக, திரும்பி வந்த சட்டைகளுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"என்ன சகல, சத்தம் கீழ வரைக்கும் கேக்குது?"

"ரீலு ஏன் கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

"நல்லதாப்போச்சு. அத விடுங்க. நாளைக்குக் காலையில பேரு எழுதணும். ஒங்களுக்காக ஒருத்தனக் காக்க வச்சிருக்கேன். நின்ன எடத்துல வேல. கனம் கிடையாது. கண்ண மட்டும் தொறந்து வச்சுக்கிட்டா போதும்."

"அதான் முடியாது சகல."

"என்ன, கண்ணத் தொறக்கவா?"

"இல்ல. வரல. காரணம் தெரியாதவரைக்கும் யோசனையா இருந்துச்சு. இப்பத் தெரிஞ்சுருச்சு. இனிமே ரீல் நிக்காது."

சகலை கொழுந்தியாளைப் பார்த்தார். அவள் ஊசிக்கண்ணில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். "நீ என்னம்மா சொல்ற?"

"அவருக்குத்தான காரணம் தெரிஞ்சிருக்கு" என்றாள். "அவரே சொல்லிட்டாரே."

சகலை போகும்போது வாசலில் நின்று, "ஒரு நிக்காத ரீலுக்காக ஒரு வேலைய விட்டவன் ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ராக்கோழிக்கு அது பாராட்டு மாதிரிக் கேட்டது.

மறுநாளிலிருந்து புது ரீல் வீட்டுக்குள் வரவில்லை. சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் ஒரு ஆணி அடித்து, கம்பையும் ரீலையும் பையோடு அதில் மாட்டினான். அக்கா முகம் சுளித்தாள். "இது என்ன, என் கடைய உன் கொட்டகையாக்கிட்டியா?" என்றாள். ஆனால் தினமும் மீன் வந்ததால் பேசாமல் இருந்தாள். அங்கேயே குழாயடியில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போவான். ரீலைக் கடைக்காரர் சொன்னபடி ஈரத்துணியால் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டான். சோப்பு அதன் பக்கமே போகவில்லை.

கை வலிக்கவில்லை. முந்நூறு எறி எறிந்த நாளிலும் தேநீரை வலது கையால் குடித்தான். ஒருநாள் நான்கு பாரை. ஒருநாள் முழங்கை நீளச் சீலா. அந்த நாட்களில் மீனைப் பார்த்ததும் கை பரபரக்கும். கம்பை அப்படியே மணலில் போட்டுவிட்டு, துள்ளுகிற மீனை இரண்டு கையாலும் அமுக்கி, தூண்டில் முள்ளைக் கழற்றுவான். தபால்காரர் கல்லில் இருந்தபடி, "பாத்துடா, ஒன் புதுப் பொண்டாட்டி மண்ணுல உருளறா" என்பார். "மீன் போயிரும் அண்ணே" என்று கத்துவான் இவன். வீட்டில் வாளி வெறுமனே கிடந்தது. அவன் அதைப் பார்க்கும் போதெல்லாம் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதில்லை. "மூணு ரீலத் தின்ன வாளி" என்பான். அவள் இயந்திரத்தை இன்னும் வேகமாக ஓட்டுவாள்.

நாற்பத்தேழாம் நாள் காலை, ஆலைச் சங்கு ஊதியது. சங்குச் சத்தம் அடங்கிய பிறகும் ஒரு சத்தம் மிச்சம் இருந்தது.

கர்.

அவன் சுற்றுவதை நிறுத்தினான். நின்றது. மறுபடி சுற்றினான். கர். மிகச் சின்னது. வேறு யாருக்கும் கேட்காது. தபால்காரருக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மனுசன் வாயை மூடிக்கொண்டிருக்க மாட்டார். ராக்கோழி கல்லில் உட்கார்ந்தான். எதிரே இரவு ஷிப்டு வெளியே வந்துகொண்டிருந்தது. பெல்ட் ஓரமாக நிற்கிற புது ஆள் அந்தக் கூட்டத்தில் எவனோ ஒருவன். அந்த இடம் போய் ஒன்றரை மாதம் ஆகிறது.

அன்று பிடித்த இரண்டு மீனைக் கொடுத்துவிட்டு, ரீலைப் பிளாஸ்டிக் பையில் மூன்று சுற்றுச் சுற்றி, இத்தனை நாளில் முதன்முறையாக வீட்டுக்கு எடுத்துப் போனான். மேசை மேல் வைத்தான். அவள் பையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், நூலைக் கடித்துத் துப்பிவிட்டுத் தைத்த சட்டைகளையெல்லாம் எடுத்துச் சமையல்கட்டில் வைத்துவிட்டு வந்தாள். கைப்பிடியை ஒரே ஒரு சுற்று சுற்றினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். பதினாலு வருடம் ஒரே இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் காது அது.

இயந்திரத்தின் இழுப்பறையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்தாள்.

"கழட்டாத. கடைக்காரன்கிட்ட..."

"சும்மா இருங்க."

மூடி திறந்தது. கிரீஸ் இருந்தது, தேன் நிறத்தில், தாராளமாக. அதன் மேல் சர்க்கரை தூவியது போல மின்னின சில மணிகள். அவள் ஊசி முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுத்து, துணியில் கோடு போடும் சுண்ணக்கட்டி டப்பாவின் மூடியில் வைத்தாள். அவசரப்படவில்லை. பத்துப் பதினைந்து சேர்ந்ததும் மூடியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"சோப்பு வாசனை வருதா பாருங்க."

மணல்.

அவன் மூடியைப் பார்த்துக்கொண்டே நின்றான். எட்டு மாதமும், அதன் மேல் இந்த நாற்பத்தேழு நாளும், மீன் வந்த ஒவ்வொரு நல்ல காலையிலும், தன் கையாலேயே கம்பை அந்த மணல் திட்டில் வீசியது கண்ணுக்குள் ஓடியது. எத்தனை நல்ல காலையோ, அத்தனை பிடி மணல். ஏதாவது சொல்ல வாயெடுத்தான். வாளி நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டான்.

அவள் துணிக் கந்தலால் பழைய கிரீஸைத் துடைத்தெடுத்தாள். பெரிய சக்கரத்தை வெளிச்சத்தில் காட்டினாள். இரண்டு பல்லில் முனை மழுங்கியிருந்தது. "இது தேஞ்சது தேஞ்சதுதான்" என்றாள். புதுக் கிரீஸ் வைத்து, மூடி, திருகுகளை முடுக்கி, அவன் பக்கம் தள்ளினாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய் எலுமிச்சை சோப்பால் கையைக் கழுவினாள். இரண்டு தடவை.

ராக்கோழி கைப்பிடியைச் சுற்றினான். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் காதோடு வைத்து இன்னொரு தடவை சுற்றினான்.

சத்தம் குறைந்திருந்தது. போகவில்லை.